பதினான்காம் மேஜைக்கு நான் போகாத நாட்கள்

பிற்பகல் ஒன்று ஐம்பதுக்குப் பதினான்காம் மேஜைக்கு மேலே மஞ்சள் விளக்கு எரிந்தது.

எங்கள் தொழிற்சாலை லைனில் மஞ்சள் விளக்கு எரிந்தால், அந்த மேஜையில் நிற்பவருக்குத் தண்ணீர் குடிக்கவோ கழிவறைக்கோ போக வேண்டும் என்று பொருள். ரிலீவர் ஓடிப்போய் அவர் இடத்தில் நின்று வேலையைத் தொடர வேண்டும். ரிலீவர் நான்தான். அந்த நேரம் இருபத்திரண்டாம் மேஜையில் வேறொரு பெண்ணுக்காக டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். பதினான்கில் நிற்பவள் என் மகள் கீர்த்தனா. லைனுக்கு வந்த ஏழு மாதத்தில் அந்த மேஜையில் விளக்கு எரிந்தது அதுதான் முதல் தடவை. அந்த சுவிட்சையும் அவள் அழுத்தவில்லை, பக்கத்து மேஜை இசக்கி அழுத்தினாள் என்று பிறகு தெரிந்தது. நான் பார்த்தபோது கீர்த்தனா மேஜைக்குக் கீழே கிடந்தாள்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். கீர்த்தனா நன்றாக இருக்கிறாள். இதை எழுதும் நேரம் அடுத்த அறையில் தம்பியோடு ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறாள். அந்தச் சத்தம் கேட்கும்போதுதான் எனக்குக் கை ஓடுகிறது. சத்தம் நின்றால் எழுந்துபோய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன். என் மனைவி சாந்திக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. எனக்கு இன்னும் வேடிக்கையாகவில்லை.

இப்போது லைனில் ரிலீவராக இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படித்துக் காட்ட ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். தண்ணீர் குடிப்பதைப் பற்றி ஒரு பக்கம் போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஐ.டி.ஐ. முடித்தேன். ஸ்ரீபெரும்புதூரில் இரண்டு கம்பெனிகளில் ஒப்பந்தத்தில் இருந்தேன். பிறகு ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் இந்தத் தொழிற்சாலைக்கு வந்தேன். ஒரு காருக்குள் ஓடும் வயர்களை எல்லாம் பலகையில் வரிசையாகப் பிடித்து, டேப் சுற்றி, ஒரே கொத்தாக்கி அனுப்புவது எங்கள் வேலை. லைனில் இருபத்தாறு மேஜைகள். ஒரு மேஜையில் ஒன்றரை நிமிடம், பிறகு பலகை அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிடும். எட்டு வருடம் ஆபரேட்டராக நின்றதில் இருபத்தாறு மேஜை வேலையும் கைக்கு வந்துவிட்டது. அதனால் ரிலீவர் ஆக்கினார்கள். அதில் பதினொரு வருடம். முழங்கால் போதும் என்று சொன்னதும் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

பதினொரு வருடத்தில் நான் அதிகம் பேசியது நான்கே வார்த்தைகள். "போயிட்டு வா, நான் நிக்கிறேன்."

எங்கள் சூப்பர்வைசர் தேவராஜ் சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நம் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். நம்மைப் பார்க்க மாட்டார், மேலே விளக்குப் பலகையைப் பார்ப்பார். எந்த மேஜையில் எத்தனை தடவை மஞ்சள் எரிந்தது என்பது அந்தப் பலகையில் பதிவாகும். ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் வரிசையில் நிற்கும்போது அதைப் படிப்பார். "ஒம்போது, மூணு தடவ. பதினொண்ணு, நாலு தடவ." படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். வேறு ஒரு வார்த்தை வராது. மறுநாள் ஒன்பதிலும் பதினொன்றிலும் விளக்கு எரியாது. போகாதே என்று அவர் யாரையும் சொன்னதில்லை. அதனால் அவர்மேல் குறை சொல்லவும் வழியில்லை.

பெண்பிள்ளைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிக்காவிட்டால் விளக்குப் போட வேண்டாம். ஐந்தே முக்காலுக்கு பஸ் ஏறும்போதே நிறுத்திக்கொள்வார்கள். பன்னிரண்டு மணி சாப்பாட்டில் ஒரு வாய். சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போய் ஒரே மூச்சில் ஒரு பாட்டில்.

நான் கண்டுபிடித்த வழி வேறு. விளக்கு எரியும்வரை காத்திருக்க மாட்டேன். ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை நானே வரிசையாகப் போய் மேஜையைத் தட்டுவேன். "போயிட்டு வா, நான் நிக்கிறேன்." விளக்கு எரியாது, பலகையில் பதிவாகாது. ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும், ஷிஃப்டுக்கு மூன்று சுற்று. தேவராஜ் சாருக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுற்றி வந்து சுற்றி வந்து எனக்கு மனிதர்களின் உதட்டு வறட்சியைப் படிக்க வந்துவிட்டது. காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தவர் மதியம் இரண்டு மணிக்கும் சிரித்துப் பேசுவார். குடிக்காதவருக்கு ஒரு மணிக்கே தலைவலி, எரிச்சல், டேப் கோணலாக ஓடும். சாப்பாட்டுக்குப் பிறகு மொத்தமாக ஊற்றிக்கொண்டவருக்கு வயிறு குலுங்கும், ஆனால் அசதி போகாது. வியர்த்த நாளில் கலர் பாட்டில் வாங்கிக் குடித்தவர் அரை மணி நேரத்தில் மறுபடி தாகம் என்பார். மோர், இளநீர், கஞ்சித்தண்ணீர், பழம் எல்லாமே கணக்கில் சேரும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது முதலுதவி அறை எஸ்தர் சிஸ்டர். கழிவறைக் கதவுகளில் சிறுநீரின் நிறப் பட்டியல் ஒன்றை ஒட்டியவரும் அவர்தான். ஒன்றாம் எண் வைக்கோல் தண்ணீர் நிறம், எட்டாம் எண் டீ டிகாஷன். பசங்கள் அதை வைத்து நாள் முழுக்க ஓட்டுவார்கள்.

"இன்னா மச்சான், இன்னிக்கு எந்த நம்பரு?"

"அஞ்சுடா. ஒனக்கு?"

"எனக்கு ஏழு. நேரா பால ஊத்துனா டீ ரெடி."

சிரித்துக்கொண்டே போய்த் தண்ணீர் பிடிப்பார்கள். பட்டியல் வேலை செய்தது.

ரிலீவருக்கு யார் நிற்பது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. காலையில் ஒரு டீ, சாப்பாட்டில் ஒரு டம்ளர். என் நாள் அப்படியே ஓடியது.

கீர்த்தனா விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஆறாவது படிக்கும்போது பள்ளியிலிருந்து தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வரும். பையைத் தூக்கினாலே தெரியும்.

"ஏம்மா குடிக்கல?"

"பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லப்பா. ஒருத்தி கதவப் புடிச்சிக்கினு நிக்கணும். மணி அடிச்சா வுட்டுட்டு ஓடிடுவாளுங்க."

பள்ளியில் போய்ப் பேசுகிறேன் என்றேன். ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை இருந்தது, ஷிஃப்ட் மாறியது. ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஒருவழியாகச் சொன்னேன், அடுத்த வருடம் தாழ்ப்பாள் வந்தது. அதற்குள் அவள் அடக்கப் பழகிவிட்டாள். அது எனக்குக் குறையாகவும் தெரியவில்லை. சொந்தக்காரர்களோடு வேனில் திருவண்ணாமலை போனபோது மற்ற பிள்ளைகள் வண்டியை நிறுத்தச் சொல்லி அழுதார்கள். "எங்க கீர்த்தனா எவ்ளோ நேரம் ஆனாலும் வாயத் தொறக்க மாட்டா" என்று பெருமையாகச் சொன்னேன். வேனில் இருந்த எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். பதினோரு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பாராட்டு எங்கே போய்ப் படிந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

டிப்ளமோ முடித்துவிட்டு எங்கள் கம்பெனிக்கே பயிற்சியாளராக வந்தாள். என் லைன், பதினான்காம் மேஜை. முதல் வாரம் மற்றவர்களுக்குப் போவதுபோல் அவளுக்கும் போய் மேஜையைத் தட்டினேன். யாரோ சொன்னார்கள்: "அப்பன் ரிலீவரு. பொண்ணுக்கு இன்னா கொறச்சல், மணிக்கு ரெண்டு தபா போலாம்." லைனே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "அப்பா, என் மேஜைக்கு வராத. எனக்கு வேணும்னா நானே லைட் போட்டுக்கிறேன்."

சரி என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் நிம்மதியாக இருந்தது. மகளுக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் பேச முடியாது. மறுநாள் முதல் பதின்மூன்றிலிருந்து நேராகப் பதினைந்துக்குப் போனேன். ஏழு மாதம் அப்படியே போனேன்.

இசக்கி ஒருமுறை சொன்னாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள், மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "அண்ணாச்சி, ஒங்க மவ தண்ணியே குடிக்க மாட்டேங்கா. கேட்டா தாகமே எடுக்கலங்கா. நல்லாவா இருக்கு இது?"

வீட்டில் கேட்டேன். "குடிக்கிறேன்ப்பா" என்றாள். இருபத்தைந்து பேர் உதட்டைப் படிக்கத் தெரிந்தவன், அவள் வாய்வார்த்தையை நம்பினேன்.

அது சித்திரை வெயில். லைனின் எங்கள் பக்கத்துக் காற்றாடிகள் இரண்டு நாளாகப் பழுது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. பார்த்தவர்களில் அவளும் ஒருத்தி. ஒன்று ஐம்பதுக்கு விழுந்தாள்.

தேவராஜ் சார் ஓடி நான் பார்த்தது அன்றுதான். கையில் ஒரு டம்ளர். அதில் உப்புச்சர்க்கரைப் பொட்டலம் இரண்டைப் பிரித்துக் கொட்டிக் கலக்கிக்கொண்டே வந்தார். முதலுதவி அறைக்குத் தூக்கிப் போய்ப் படுக்க வைத்ததும் அவள் வாயருகே கொண்டுபோனார். எஸ்தர் சிஸ்டர் அந்த டம்ளரை வாங்கி அப்படியே தொட்டியில் ஊற்றினார்.

"நெனவு சரியா இல்லாதவ வாயில ஊத்துனா நுரையீரலுக்குப் போகும். அப்புறம், ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர், தேவராஜ். டம்ளர்ல ரெண்டு போட்டா அது மருந்தில்ல, உப்பு. தள்ளுங்க. அப்பனும் தள்ளு."

அதற்குப் பிறகு சிஸ்டர் ஒருமுறைகூடச் சத்தம் போடவில்லை. மேல் கோட்டின் பொத்தான்களை அவிழ்த்தார். ஷூவைக் கழற்றிக் கால்களுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தார். ஈரத்துணியைக் கழுத்தில், அக்குளில் வைத்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். தெர்மாமீட்டர் வைத்தார். நாடியைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கையின் தோலைக் கிள்ளி விட்டு, அது எவ்வளவு மெதுவாகப் படிகிறது என்று குனிந்து பார்த்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார்.

"உன் பேர் இன்னா?"

"கீர்த்தனா."

"இன்னிக்கு இன்னா கெழம?"

கொஞ்சம் யோசித்து, "திங்கள்" என்றாள்.

"கடைசியா ஒண்ணுக்கு எப்ப போன?"

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சிஸ்டர் என் சட்டையைப் பிடித்துத் திரைக்கு வெளியே தள்ளினார். திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "நேத்து ராத்திரி ஏழு மணிக்கு சிஸ்டர்."

ஒரு லிட்டர் பாட்டிலில் அளந்து கலந்த தண்ணீரை, அவளே பிடித்துக் குடிக்கும்படி, ஒவ்வொரு வாயாகக் கொடுத்தார். மூன்றாவது வாயில் வாந்தி எடுத்தாள். கெண்டைக்கால் பிடித்து இழுக்க, அலறினாள். சிஸ்டர் வெளியே வந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பத்தொம்பது மணி நேரம். நீ யாருக்குய்யா ரிலீவரு?"

ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் ஒரு தனியார் மருத்துவமனை. இசக்கியும் எங்களோடு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள். அவள் மடியில் கீர்த்தனாவின் பாட்டில் இருந்தது. அதை என் கையில் கொடுத்தாள். காலையில் சாந்தி நிரப்பிக் கொடுத்தது. கழுத்துவரை தண்ணீர் அப்படியே இருந்தது. ஆறாவது வகுப்புப் பையைத் தூக்கிய அதே கனம் கையில் தெரிந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். ரத்தம் எடுத்தார்கள், குளுக்கோஸ் பாட்டில்போல் ஒன்று ஏற்றினார்கள், அது உப்பு நீர் என்றார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். "தண்ணி ரொம்ப வத்திப்போய் கிட்னி கஷ்டப்பட்டிருக்கு. டெஸ்ட்ல காட்டுது. பெரும்பாலும் சரியாயிடும். ஆனா யூரின் வரணும். வந்துதுன்னா பயமில்ல. வரலன்னா சென்னைக்கு அனுப்பணும்."

சாந்திக்கு போன் செய்தேன். அவள் வல்லக்கோட்டை முருகனுக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டே பஸ் ஏறினாள். சின்னவனைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறாள். அவனுக்கு வயது பத்து. "அவன் ஸ்கூல் பாட்டில எடுத்துப் பாரு, காலியா இருக்கா, நெறஞ்சிருக்கான்னு சொல்லு" என்றேன். பஸ்ஸில் இருப்பவளிடம் கேட்கிறேன் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. இன்றுவரை அவன் பள்ளி விட்டு வந்ததும் முதலில் பையைத் தூக்கிப் பார்ப்பேன். கனமாக இருந்தால் திட்ட மாட்டேன். ஏன் என்று கேட்பேன். பதிலைக் கேட்டுவிட்டு அடுத்த நாளே பள்ளிக்குப் போய்விடுவேன். பிள்ளைகளுக்குத் தாகம் விளையாட்டில் மறந்துபோகும், அதனால் நாம்தான் நேரம் பார்த்து நீட்ட வேண்டும். அதைவிட, குடித்த பிறகு போவதற்கு ஓர் இடம் வேண்டும். அது இல்லாமல் "தண்ணி குடி, தண்ணி குடி" என்று சொல்வதில் ஒன்றும் இல்லை. பள்ளிக்கும் அதுதான், லைனுக்கும் அதுதான்.

மருத்துவமனையில் வார்டுக் கதவுக்கு எதிரே இரும்பு நாற்காலி வரிசை. நான் நடுவில் உட்கார்ந்தேன். மூன்று மணி, நான்கு மணி. நர்ஸ் ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் எழுந்து நிற்பேன், அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் போய் வருவதற்காக நின்றவன். என் மகள் ஒருமுறை போக வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஐந்து மணிக்குத் தேவராஜ் சார் வந்தார். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். ஒரு மோர் பாக்கெட்டை நடுநாற்காலியில் வைத்தார். நான் தொடவில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டிவரும். போன நேரத்தில் நர்ஸ் வந்துவிட்டால்? ஏற்கெனவே மதியத்திலிருந்து அடிவயிறு முட்டிக்கொண்டுதான் இருந்தது.

வரிசையில் படிக்கும் அதே குரலில் அவர் சொன்னார். "பதினாலு, ஏழு மாசத்துல ஒரு தடவ." கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். "நான் அத நல்ல நம்பர்னு நெனச்சிக்கினு இருந்தேன்யா."

"நானும் சார்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் அந்த எண்ணிக்கையைப் படித்ததில்லை. என் திருட்டுச் சுற்று இப்போது லைனின் சட்டம். இரண்டு ரிலீவர், ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை, யாரையும் தாண்டக் கூடாது. மகள், மச்சான், சண்டைக்காரன், வேண்டாம் என்று சொல்பவர், யாராக இருந்தாலும் மேஜையைத் தட்ட வேண்டும். புதிய பிள்ளைகளே, வேண்டாம் என்று சொல்பவரிடம் இன்னொரு தடவை தட்டுங்கள்.

ஆறு நாற்பதுக்கு வார்டுக் கதவு திறந்தது. வந்தவர் புதிய நர்ஸ், அப்போதுதான் ஷிஃப்ட் மாறியிருந்தது. கையில் ஒரு குறிப்பேடு. "கீர்த்தனா அப்பா யாரு?"

எழுந்தேன்.

"போயிட்டா சார். நானூறு மில்லி. கலரு கொஞ்சம் தூக்கலாதான் கீது, டாக்டர் பாத்துட்டாரு, இனிமே பயமில்லன்னு சொல்ட்டாரு. சென்னைலாம் வேணாம்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்று நிறுத்தினார். "உங்க பொண்ணு ஒண்ணு சொல்லச் சொன்னா. எங்கப்பா மதியத்துலேர்ந்து சீட்ட வுட்டு எழுந்திருச்சிருக்கவே மாட்டாரு, அவர மொதல்ல போவச் சொல்லுங்கன்னு."

நான் வார்டுக் கதவைப் பார்த்தேன். உள்ளே நுழைய ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"அவ எங்கயும் ஓடிட மாட்டா" என்றார் நர்ஸ், தாழ்வாரத்தின் கோடியைக் கையால் காட்டி. "போயிட்டு வாங்க. நான் நிக்கிறேன்."